முதலில் செலவு, பின்னர் உதவித்தொகை

வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்கும் பரிமாற்றத் திட்டங்களில் தேர்வுப் பட்டியலை மதிப்பெண் எழுதுகிறது. அந்தப் பட்டியலிலிருந்து விமானம் ஏறுவோரைக் குடும்பத்தின் கையிருப்பு தீர்மானிக்கிறது. இந்த நிலையை மாற்றும் சாவி பெருமளவு கல்லூரி அலுவலகத்திலேயே இருக்கிறது.

பிப்ரவரி பிறந்ததும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் கல்லூரிகளின் பன்னாட்டு உறவு அலுவலகங்களில் ஒரே மாதிரியான கோப்புகள் அடுக்கடுக்காக வந்து சேர்கின்றன. கோப்பைத் திறந்தால் முதலில் கடவுச்சீட்டின் நகல். அதன் கீழே முடிந்த பருவங்களின் மதிப்பெண் பட்டியல்கள். பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள். ஏன் இந்த நாடு, ஏன் இந்தப் பாடம் என்று விளக்கும் நோக்கக் கடிதம். துறைத்தலைவரின் பச்சை மையும் கல்லூரியின் ஊதா முத்திரையும் பதிந்த தடையின்மைச் சான்று. எல்லாவற்றுக்கும் அடியில், பெரும்பாலும் கடைசி நாளில் வந்து சேரும் ஒரு தாள் இருக்கும்; தந்தையின் அல்லது தாயின் வங்கிக் கணக்கில் உள்ள தொகையைக் காட்டும் இருப்புச் சான்று அது. மேலேயுள்ள தாள்கள் எல்லாம் மாணவர் என்ன படித்தார், என்ன படிக்க விரும்புகிறார் என்பதைச் சொல்ல, இந்த ஒரு தாள் மட்டும் அவர் எந்த வீட்டிலிருந்து வருகிறார் என்பதைச் சொல்கிறது.

பரிமாற்றப் படிப்பைப் பற்றிய பேச்சு வழக்கமாக மதிப்பெண், ஆங்கிலத் திறன், பல்கலைக்கழகத்தின் தரவரிசை ஆகிய மூன்றையும் சுற்றியே அமைகிறது. இம்மூன்றும் தேர்வுக்குத் தேவையானவைதாம். ஆயினும் உதவித்தொகையுடன் தேர்வான மாணவர்கூட, அந்தத் தொகை கைக்கு வருவதற்கு முன்பே விசா, விமானச் சீட்டு, காப்பீடு, அறை முன்பணம் ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டியிருப்பதால், பணம் எவ்வளவு என்ற கேள்விக்கு இணையாகப் பணம் எப்போது என்ற கேள்வியும் அவருடைய பயணத்தைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டாவது கேள்வி பெரும்பாலான அறிவிப்புப் பலகைகளில் இடம்பெறுவதே இல்லை.

பட்டம் இங்கே, பருவம் அங்கே

வெளிநாட்டில் பட்டம் படிப்பதும் பரிமாற்றத் திட்டத்தில் செல்வதும் வேறுவேறானவை. முதலாவதில் மாணவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தி, அதன் பட்டத்தையே பெறுகிறார். இரண்டாவதில் அவர் தம் கல்லூரியின் மாணவராகவே நீடித்து, கல்விக் கட்டணத்தையும் அங்கேயே செலுத்தி, ஒரு பருவமோ இரண்டு பருவங்களோ ஒப்பந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்புகிறார். அங்கே தேறிய பாடங்கள் இங்குள்ள பட்டத்தில் கணக்கிடப்படுகின்றன. ஏற்கும் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம் வாங்காது என்பதே இத்தகைய ஒப்பந்தங்களின் உயிர்நாடி. கட்டணம் நீங்கிய பின் எஞ்சுவது பயணமும் வாழ்க்கைச் செலவும் என்பதால், நடுத்தரக் குடும்பத்துக்கும் அதற்குக் கீழுள்ள குடும்பத்துக்கும் எட்டக்கூடிய ஒரே வெளிநாட்டுப் படிப்பு இதுவாக இருக்க முடியும்.

இந்த முறையின் இன்றைய வடிவத்துக்குப் பின்னால் ஓர் இத்தாலியப் பெண்மணியின் கசப்பான அனுபவம் இருக்கிறது. ரோம் நகரின் சபியென்சா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த சோஃபியா கொர்ராடி, 1957-58 கல்வியாண்டில் ஃபுல்பிரைட் உதவித்தொகையுடன் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்று முதுகலைப் பட்டம் பெற்றார். ஊர் திரும்பிய பின், அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள அவருடைய பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. பின்னாளில் இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்கள் அமைப்பின் ஆலோசகராகப் பணியாற்றிய அவர், வெளிநாட்டில் தேறிய பாடம் உள்நாட்டில் செல்ல வேண்டும் என்னும் முன்மொழிவை 1969-இல் எழுதி, பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தினார். 1987 ஜூன் மாதத்தில் ஐரோப்பிய நாடுகள் ஏற்றுக்கொண்ட எராஸ்மஸ் திட்டம் அந்த முயற்சியின் கனி. ரோட்டர்டாம் நகரின் சிந்தனையாளர் எராஸ்மஸின் பெயரைத் தாங்கியது அது. 2015 முதல் அதன் ஒரு பிரிவு இந்தியா உள்ளிட்ட பிற கண்டங்களின் பல்கலைக்கழகங்களுக்கும் திறக்கப்பட்டதால், தமிழ்நாட்டு மாணவருக்கும் இது நேரடித் தொடர்புடைய பொருளாகிவிட்டது.

பெட்டிச் செய்தி: எண்களில் எராஸ்மஸ்
• முதல் ஆண்டில் (1987-88) 11 நாடுகளிலிருந்து சென்ற மாணவர்கள்: 3,244.
• 2021-27 காலத்துக்கான மொத்த ஒதுக்கீடு: சுமார் 2,600 கோடி யூரோ.
• படிப்புக்காகத் தங்கும் காலம்: 2 முதல் 12 மாதங்கள். இளங்கலை, முதுகலை, ஆய்வு என ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியாக 12 மாதங்கள்வரை செல்லலாம்.
• ஐரோப்பிய நாடுகள் 2030-க்குள் எட்ட விரும்பும் இலக்கு: உயர்கல்வி முடிப்போரில் 23 விழுக்காட்டினர் வெளிநாட்டில் கற்ற அனுபவம் பெற்றிருத்தல்.

இரண்டு வாசல்கள்

பரிமாற்றத் திட்டத்துக்கு மாணவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திடம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது என்பதே முதலில் அறிய வேண்டிய செய்தி. முதல் வாசல் சொந்தக் கல்லூரியில் இருக்கிறது: கல்லூரி அறிவிப்பு வெளியிட்டு, விண்ணப்பங்களைப் பெற்று, நேர்காணல் நடத்தி, தேர்ந்தெடுத்தவர்களின் பெயர்களை ஒப்பந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறது; இதற்கு முன்மொழிவு என்று பெயர். முன்மொழியப்பட்டவருக்கு மட்டுமே இரண்டாவது வாசல், அதாவது ஏற்கும் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத் தளம், திறக்கிறது. உதவித்தொகையும் பெரும்பாலும் இதே வழியில்தான் வருகிறது. ஜப்பானின் மாணவர் சேவை அமைப்பான ஜாசோ, குறுகிய காலப் படிப்புக்கு வருவோருக்கு மாதம் 80,000 யென் வழங்குகிறது. அதற்கும் மாணவர் தனியாக விண்ணப்பிக்க வழியில்லை. ஏற்கும் ஜப்பானியப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்க வேண்டும். ஆகவே, தம் கல்லூரி எந்தெந்தப் பல்கலைக்கழகங்களோடு நடைமுறையிலுள்ள ஒப்பந்தம் வைத்திருக்கிறது, அந்த ஒப்பந்தத்தில் பணமும் உண்டா, கட்டண விலக்கு மட்டுந்தானா என்பதை மாணவர் முதலாம் ஆண்டிலேயே தெரிந்துகொள்வது, மூன்றாம் ஆண்டில் எழுதப்போகும் எந்த நோக்கக் கடிதத்தையும்விட அதிகப் பயன் தரும்.

விண்ணப்பத்தின் நடுவே நிற்கும் ஆவணம் கற்றல் ஒப்பந்தம். மாணவர் அங்கே எந்தெந்தப் பாடங்களைப் படிப்பார், அவை இங்கே எந்தெந்தப் பாடங்களுக்கு ஈடாகும் என்பதை எதிரெதிர் வரிசைகளில் எழுதி, மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று தரப்பும் கையொப்பமிடும் தாள் அது. இதில் இடம்பெறும் அளவுகோல் கிரெடிட் எனப்படும் மதிப்புப்புள்ளி. ஒரு பாடத்துக்கு மாணவர் செலவிட வேண்டிய உழைப்பு நேரத்தை அது எண்ணால் குறிக்கிறது. ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு 60 புள்ளிகள், ஒரு பருவத்துக்கு 30; ஒரு புள்ளி என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இந்தியாவின் தேசிய மதிப்புப்புள்ளிக் கட்டமைப்பில் ஓராண்டுக்கு 40 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 30 மணி நேரம். ஆண்டுக்கு ஆண்டு வைத்து ஒப்பிட்டால் இங்குள்ள 20 புள்ளிகளுக்கு அங்குள்ள 30 புள்ளிகள் ஈடு என்பது எளிதில் விளங்கும். இந்த மாற்று விகிதத்தை எழுத்தில் வைத்திராத கல்லூரியில், ஒவ்வொரு மாணவரின் புள்ளிக் கணக்கும் ஒவ்வோர் ஆசிரியரின் மனப்போக்கைச் சார்ந்துவிடுகிறது.

மொழித்தகுதி குறித்த அச்சம் பலரை முதல் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிகளில் அளக்கின்றன. ஆங்கிலவழிப் பாடங்களுக்கு நான்காம் படியாகிய பி2 பொதுவாகப் போதுமானது. ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகும் நிலையில், பட்டப்படிப்பின் பயிற்றுமொழி ஆங்கிலம் என்று கல்லூரி தரும் சான்றையே பரிமாற்ற மாணவருக்குப் போதுமானதாகக் கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உள்ளன. தேர்வுக்குப் பணம் கட்டும் முன் இதைக் கேட்டு உறுதிசெய்வது நல்லது.

பணம் வரும் நாள்

எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தின்கீழ் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கு, செல்லும் நாட்டின் வாழ்க்கைச் செலவைப் பொறுத்து, மாதம் 800 முதல் 900 யூரோவரை உதவித்தொகை கிடைக்கிறது. இதனுடன், இரு நகரங்களுக்கிடையே உள்ள தூரத்தைக் கணக்கிட்டுப் பயணத்தொகையும் தரப்படுகிறது. காகிதத்தில் இது தாராளமான தொகை. ஆனால் உதவித்தொகை ஒப்பந்தத்தின் விதிகள், முதல் தவணையை இரு தரப்பும் கையொப்பமிட்டபின் வழங்கலாம் என்றும், மாணவர் வந்து சேர்ந்ததை உறுதிசெய்தபின் வழங்கலாம் என்றும் இரண்டு வழிகளைக் கல்வி நிறுவனத்தின் தெரிவுக்கே விடுகின்றன. இரண்டாவது வழியைப் பின்பற்றும் இடங்களில், மாணவர் அங்கே போய், பதிவுசெய்து, வங்கிக் கணக்கு தொடங்கிய பின்னரே பணம் வருகிறது. முதல் தவணை முழுத்தொகையாகவும் இருக்கலாம், 70 விழுக்காடாகவும் இருக்கலாம். எஞ்சிய பகுதி, படிப்பு முடிந்து மாணவர் தம் அறிக்கையைச் சமர்ப்பித்தபின் கிடைக்கும்.

செலவோ இந்த வரிசைக்கு நேர்மாறாக ஓடுகிறது. கடவுச்சீட்டுக்கு 1,500 ரூபாய். அவசரமாக வேண்டுமானால் தட்கல் முறையில் கூடுதலாக 2,000 ரூபாய். ஜெர்மனியின் நீண்டகால விசாவுக்கு 75 யூரோ. விமானச் சீட்டைப் புறப்படும் நாளுக்கு இரண்டு மாதங்கள் முன்பே எடுத்தால் விலை குறையும். கையில் பணமில்லாதவர் கடைசி வாரத்தில் எடுத்து அதிக விலை கொடுப்பார். அறைக்கு முன்பணம் கட்ட வேண்டும். ஜெர்மானியச் சட்டப்படி வீட்டு உரிமையாளர் மூன்று மாத வாடகைவரை முன்பணமாகக் கேட்கலாம். மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகப் பதிவு நடவாது. இவை அனைத்தும் முதல் யூரோ கைக்கு வருவதற்கு முன்னும், வந்து இறங்கிய முதல் சில நாட்களுக்குள்ளும் செலுத்த வேண்டியவை. சேமிப்புள்ள குடும்பத்துக்கு இது மூன்று மாதக் கைமாற்று. சேமிப்பில்லாத குடும்பத்துக்கு நகையை அடகுவைக்க வேண்டிய முடிவு.

இதற்கும் மேலாக, விசா விதிகளும் உதவித்தொகை விதிகளும் வெவ்வேறு அலுவலகங்களில் எழுதப்படுவதால் அவற்றுக்கிடையே ஒரு பள்ளம் இருக்கிறது. 2024 செப்டம்பர் முதல், ஜெர்மனிக்குச் செல்லும் மாணவர் வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 992 யூரோ இருப்பதைக் காட்ட வேண்டும். இதற்குரிய வழக்கமான வழி, மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கு ஒன்றில் முழுத்தொகையையும் முன்கூட்டியே போட்டுவைப்பது. எராஸ்மஸ் உதவித்தொகை அந்தச் சான்றின் பெரும்பகுதியை ஈடுசெய்கிறது என்றாலும், உச்ச அளவான 900 யூரோவும் 992 யூரோவுக்குக் குறைவு. மாதத்துக்கு 92 யூரோ என்பது சிறிய தொகையாகத் தோன்றலாம்; ஐந்து மாதங்களுக்கும் சேர்த்து அதை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்னும்போது அது வேறொரு வடிவம் கொள்கிறது.

பெட்டிச் செய்தி: ஜெர்மனியில் ஐந்து மாதங்கள், ஒரு மாதிரிக் கணக்கு
(ஒரு யூரோ ஏறத்தாழ 100 ரூபாய் எனக் கொண்டால்)
• உதவித்தொகை: 900 x 5 = 4,500 யூரோ, அதாவது 4.5 லட்சம் ரூபாய்.
• விசாவுக்குக் காட்ட வேண்டியது: 992 x 5 = 4,960 யூரோ.
• குடும்பம் ஈடுசெய்ய வேண்டிய இடைவெளி: 460 யூரோ, அதாவது 46,000 ரூபாய்.
• இதற்கு வெளியே, புறப்படும் முன் கையிலிருந்து போக வேண்டியவை: கடவுச்சீட்டு, விசா கட்டணம், விமானச் சீட்டு, காப்பீடு, அறை முன்பணம், முதல் மாத வாடகை.
• முதல் தவணை 70 விழுக்காடு எனில், 1,350 யூரோ படிப்பு முடிந்தபின்னரே கிடைக்கும்.

உதவித்தொகையே இல்லாமல் செல்லும் மாணவர்களும் உண்டு. ஒதுக்கீடு தீர்ந்த பின் தேர்வானவரைத் திட்டத்தின் மொழியில் சுழிய உதவித்தொகை மாணவர் என்பர். கட்டண விலக்கும் பாட அங்கீகாரமும் உட்பட எல்லா உரிமைகளும் அவருக்கு உண்டு, பணம் மட்டும் கிடையாது. வசதியுள்ள மாணவர் இந்த வாய்ப்பையும் பயன்படுத்திக்கொள்ள, வசதியில்லாதவர் பட்டியலில் பெயர் வந்த மகிழ்ச்சியோடு நின்றுவிடுகிறார். எராஸ்மஸ் விதிகள் இந்த ஏற்றத்தாழ்வை அறியாதவை அல்ல: கல்வித்தகுதி சமமாக உள்ள இருவரில் பின்தங்கிய சூழலிலிருந்து வருபவருக்கு முன்னுரிமை தருவதும், வாய்ப்புக் குறைந்த மாணவருக்கு மாதம் 250 யூரோ கூடுதலாக வழங்குவதும் திட்டத்தில் இடம்பெற்றவையே. ஆனால் இந்தக் கூடுதல் தொகையும் உதவித்தொகையோடு சேர்ந்து பின்னால் வருமானால், முன்னால் இருக்கும் தடை அப்படியே நிற்கும்.

அரசு உதவி தொடாத இடம்

இந்தியாவில் வெளிநாட்டுக் கல்விக்கான பொதுநிதி இல்லை என்று சொல்வது சரியாகாது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பத்து மாணவர்களுக்காக ஒன்றிய அரசு நடத்தும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் ஆண்டுக்கு 125 இடங்களைக் கொண்டது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மிகாதோர் அதற்குத் தகுதியுடையோர். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. இவை பெருமைக்குரிய திட்டங்கள். எனினும், இவை முழுநேர முதுகலைப் பட்டமோ ஆய்வுப் பட்டமோ படிப்போருக்கானவை. இளங்கலை மூன்றாம் ஆண்டில் ஒரே ஒரு பருவம் சென்றுவர வாய்ப்புப் பெற்றவருக்கு இவற்றில் இடமில்லை. நாற்பது லட்சம் ரூபாய்ப் பட்டத்துக்கு உதவ அரசிடம் வழி இருக்க, இரண்டு லட்சம் ரூபாய் முன்பணத்துக்கு வழியில்லை என்பதே இன்றைய நிலை.

கல்விக் கடன் இந்த இடத்தை நிரப்புமா என்ற கேள்வி எழலாம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய்வரை பிணையம் இல்லாமலும், அதற்கு மேல் 7.5 லட்சம்வரை மூன்றாம் நபரின் பொறுப்புறுதியோடும் கடன் தரப்படுகிறது. ஆனால் அந்தத் திட்டம் பட்டப்படிப்பை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. கல்விக் கட்டணமே இல்லாத, பட்டமும் தராத ஐந்து மாதப் பயணத்தை வங்கிக் கிளை மேலாளருக்கு விளக்குவது எளிதன்று. கடன் ஒப்புதலாகும் நேரத்தில் விசா நேர்காணலின் நாளும் கடந்துபோயிருக்கும்.

சில நிறுவனங்களில் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்க்கப்பட்டிருப்பதும் கவனிக்கத்தக்கது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் தொடங்கப்பட்ட சென்னை ஐஐடிக்கு அந்நாட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுடன் தலைமுறை கடந்த உறவு உண்டு. ஐஐடிகளின் முதுகலைப் பொறியியல் மாணவர்கள் தம் ஆய்வேட்டுப் பகுதியை ஜெர்மனியில் செய்துவர, ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டிஏஏடி தனித்திட்டம் ஒன்றையே நடத்திவருகிறது. உறவு பழகிப்போன இடத்தில் கோப்பு தானாக நகர்கிறது. எந்தத் தாள் எப்போது தேவை என்பதை அலுவலக உதவியாளரே சொல்லிவிடுகிறார். அத்தகைய பழக்கம் இல்லாத கல்லூரியில் முதன்முதலாகப் புறப்படும் மாணவர், தம் பயணத்தோடு கல்லூரியின் கற்றலையும் சேர்த்துச் சுமக்கிறார்.

திரும்பி வரும் புள்ளிகள்

சோஃபியா கொர்ராடி ரோமில் சந்தித்த மறுப்பு இன்னும் வரலாறாகிவிடவில்லை. தமிழ்நாட்டில் தன்னாட்சிக் கல்லூரிக்குச் சொந்தப் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் இருப்பதால், வெளிநாட்டில் தேறிய பாடத்தை எந்தப் பாடத்துக்கு ஈடாகக் கொள்வது என்பதை அதுவே முடிவு செய்யலாம். பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட, தன்னாட்சி பெறாத கல்லூரிக்கு அந்த உரிமை இல்லை. பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்க, கல்லூரி முதல்வர் போடும் கையொப்பம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் மேசையில் செல்லாமல் போகக்கூடும். அப்படி நேர்ந்தால், வெளிநாட்டில் ஐந்து பாடங்களில் தேறித் திரும்பியவர் இங்கே அதே பருவத்தின் பாடங்களை அரியர் எழுதுவோரின் வரிசையில் அமர்ந்து மீண்டும் எழுத வேண்டிவரும். பயணத்தின் செலவைக் குடும்பம் தாங்கிக்கொள்ளலாம். ஒரு பருவம் வீணாவதை முதல் தலைமுறைப் பட்டதாரியின் குடும்பம் தாங்குவது கடினம்.

நாட்காட்டியும் ஒத்துழைப்பதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஒற்றைப்படைப் பருவம் பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில் தொடங்கி நவம்பரில் முடிகிறது; ஜெர்மனியின் குளிர்காலப் பருவ வகுப்புகளோ அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரிவரை நடக்கின்றன. அங்கே ஒரு பருவம் படிப்பவர் இங்கே இரண்டு பருவங்களை ஓரளவு இழக்கிறார். மேலும், பொறியியல் மாணவருக்கு ஏழாம் பருவம் வளாக வேலைவாய்ப்பு நேர்காணல்களின் காலம். ஒரு நல்ல வேலையையும் ஒரு நல்ல பயணத்தையும் எதிரெதிரே வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வீட்டின் வருமானத்துக்குக் காத்திருக்கும் மாணவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் ஐயமில்லை. ஐந்தாம் அல்லது ஆறாம் பருவத்தில் அனுப்புவதும், நேர்காணலை இணையவழியில் நடத்த நிறுவனங்களைக் கேட்டுக்கொள்வதும் கல்லூரியால் செய்யக்கூடிய எளிய ஏற்பாடுகள்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 மே மாதத்தில் வெளியிட்ட விதிமுறைகள், இந்திய, வெளிநாட்டு நிறுவனங்கள் இணைந்து நடத்தும் இரட்டையர் படிப்புகளில் மொத்தப் புள்ளிகளில் 30 விழுக்காடுவரை வெளிநாட்டில் பெற அனுமதிக்கின்றன. எட்டுப் பருவங்கள் கொண்ட பொறியியல் பட்டத்தில் ஒரு பருவம் என்பது 12.5 விழுக்காடு மட்டுமே என்பதோடு ஒப்பிட்டால், ஒரு பருவப் பரிமாற்றத்தை ஏற்கத் தயங்குவதற்குக் கொள்கை அளவில் காரணம் ஏதும் இல்லை என்பது தெளிவாகும். குறை இருப்பது எழுதிவைக்கப்பட்ட நடைமுறையில். அதை எழுதிவைக்க ஒரு கல்விக் குழுக் கூட்டம் போதும்.

பெட்டிச் செய்தி: விண்ணப்பிக்கும் முன் கல்லூரியிடம் கேட்க வேண்டியவை
• ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளதா? எந்த ஆண்டுவரை?
• கட்டண விலக்கு மட்டுமா, உதவித்தொகையும் உண்டா? எத்தனை பேருக்கு?
• முதல் தவணை புறப்படும் முன்பா, சென்று சேர்ந்த பின்பா? எத்தனை விழுக்காடு?
• விமானச் சீட்டை நிறுவனமே வாங்கித் தருமா?
• கற்றல் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் அதிகாரம் யாருக்கு? தேர்வுப் பிரிவு அதை எழுத்தில் ஏற்றுள்ளதா?
• வெளிநாட்டு மதிப்பெண் இங்கே எந்த அளவில் மாற்றப்படும்?
• அங்கே ஒரு பாடத்தில் தேறாவிட்டால் இங்கே என்ன வழி?

எதிர்த்திசைப் பயணம்

பரிமாற்றம் என்ற சொல்லிலேயே இருவழிப் பாதை அடங்கியிருக்கிறது. இருதரப்பு ஒப்பந்தங்களில் கட்டண விலக்கு நிலைப்பதற்குக் காரணம், இங்கிருந்து போகும் மாணவருக்கு ஈடாக அங்கிருந்து ஒருவர் வருவதே. ஸ்வீடனிலோ பிரான்சிலோ காத்திருக்கும் ஓர் இருக்கை, சென்னையிலோ கோவையிலோ ஒரு வெளிநாட்டு மாணவர் வந்து அமரும் இருக்கையைச் சார்ந்திருக்கிறது. பல கல்லூரிகளின் ஒப்பந்தங்கள் ஒரு சில பயணங்களோடு ஓய்ந்துபோவதற்கு இந்தச் சமநிலை குலைவதே காரணம். ஆகவே, வெளிநாட்டு மாணவருக்கு முறையான விடுதி அறை, ஒரு பருவத்துக்குள் முடியும் பாடங்களின் முன்கூட்டிய பட்டியல், காலத்தோடு அனுப்பப்படும் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை ஏற்பாடு செய்வது விருந்தோம்பலாக மட்டும் முடிந்துவிடுவதில்லை. சொந்த மாணவருக்கு அடுத்த ஆண்டு வாசல் திறந்திருக்க அது முதலீடாகிறது. தமிழ் மொழியும், கோயிற்கலையும், கடற்கரைச் சூழலியலும், நெல் வேளாண்மையும் கற்க வருவோருக்குத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் அமையாது என்னும்போது, அவற்றை ஒரு பருவப் பாடங்களாக வடிவமைத்து அறிவிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகங்களுடையது.

இருக்கைகள் அரசியலையும் சார்ந்தவை என்பதை அண்மை வரலாறு காட்டுகிறது. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் பொதுவாக்கெடுப்பு 2014 பிப்ரவரியில் வெற்றிபெற்றதைத் தொடர்ந்து சுவிட்சர்லாந்து எராஸ்மஸ் திட்டத்தில் முழு உறுப்புரிமையை இழந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிரிட்டன், தன் மாணவர்களை வெளியே அனுப்புவதற்காக 2021-இல் டியூரிங் என்னும் தனித்திட்டத்தைத் தொடங்கியது. 2022 டிசம்பரில் எடுக்கப்பட்ட முடிவு ஒன்றினால், அறக்கட்டளைகளின் நிர்வாகத்துக்கு மாற்றப்பட்ட ஹங்கேரியப் பல்கலைக்கழகங்கள் புதிய எராஸ்மஸ் நிதியைப் பெற முடியாமல் போயின. ஒரே நாட்டையோ ஒரே பல்கலைக்கழகத்தையோ நம்பியிருக்கும் கல்லூரி, தன் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் ஒரே நாளில் எல்லா இடங்களையும் இழக்கக்கூடும்.

கடைசித் தாள்

வெளிநாட்டில் ஒரு பருவம் படிப்பதால் என்ன பயன் என்பதற்கு ஐரோப்பிய ஆணையம் 2014-இல் வெளியிட்ட எராஸ்மஸ் தாக்க ஆய்வு ஒரு விடை தந்தது: பட்டம் பெற்ற ஐந்தாண்டுகளுக்குப் பின், வெளிநாட்டில் படித்தவரிடையே வேலையின்மை விகிதம் மற்றவரைவிட 23 விழுக்காடு குறைவாக இருந்தது. இந்த எண்ணை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். சென்றவர்களில் கணிசமானோர் முன்பே வசதியும் தொடர்புகளும் உடைய குடும்பத்தினர் என்றால், அந்த நன்மையில் எவ்வளவு பயணத்தால் வந்தது, எவ்வளவு பிறப்பால் வந்தது என்று பிரிப்பது கடினம். ஆனால் அதே காரணத்தால், வசதியும் தொடர்பும் இல்லாத மாணவருக்கு இந்தப் பயணம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. முன்பின் அறியாத நகரில் அறை தேடி, அறியாத மொழியில் அலுவலகங்களைக் கடந்து, பேராசிரியரோடு சமமாக அமர்ந்து விவாதித்துத் திரும்பும் பழக்கத்தை, வசதியான வீடுகள் தம் பிள்ளைகளுக்கு வேறு வழிகளிலும் கொடுத்துவிடுகின்றன. மற்றவர்களுக்கு அதைக் கொடுக்கக்கூடிய இடம் கல்லூரி ஒன்றுதான்.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை என்பதே இந்தப் பொருளில் நம்பிக்கை தரும் செய்தி. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வழியே தமிழ்நாட்டுக் கிராமங்கள் நன்கறிந்த சுழல்நிதி முறை இங்கும் பொருந்தும். ஒரு கல்லூரி 20 லட்சம் ரூபாயை ஒதுக்கி, தேர்வான பத்து மாணவருக்குத் தலா இரண்டு லட்சத்தை வட்டியின்றி முன்பணமாகத் தந்து, வெளிநாட்டு உதவித்தொகை வரவரத் திரும்பப் பெற்றுக்கொண்டால், அதே பணம் அடுத்த ஆண்டு வேறு பத்துப் பேரை அனுப்பும். உதவித்தொகை ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால், தொகை திரும்பி வராமல் போகும் வாய்ப்பும் குறைவு. எராஸ்மஸ் விதிகள் விமானச் சீட்டை நிறுவனமே வாங்கித் தருவதை அனுமதிப்பதால், ஒப்பந்தம் பேசும்போதே அதை ஒரு நிபந்தனையாக முன்வைக்கலாம்; முதல் தவணையைப் பயணத்துக்கு முன்பே தரும் வழியைத் தேர்ந்தெடுக்குமாறும் கேட்கலாம். அரசின் அயல்நாட்டுக் கல்வித் திட்டங்களில் ஒரு பருவப் பயணத்துக்கென்று சிறுபகுதியை ஒதுக்கினால், ஒரு பட்டத்துக்கு ஆகும் தொகையில் பல மாணவர் சென்றுவர முடியும்.

அப்போதும் பிப்ரவரியில் அதே அலுவலகத்தில் அதே கோப்புகள் வந்து சேரும்; கடவுச்சீட்டு நகலும், மதிப்பெண் பட்டியலும், நோக்கக் கடிதமும் அதே வரிசையில் இருக்கும். அடியிலுள்ள கடைசித் தாள் மட்டும் மாறியிருக்கும். பெற்றோரின் வங்கி இருப்பைக் காட்டும் சான்று இருந்த இடத்தில், இம்மாணவரின் பயணச் செலவுக்குரிய முன்பணத்தைக் கல்லூரி வழங்குகிறது, அவர் தேறிவரும் புள்ளிகளைக் கல்லூரி ஏற்கிறது என்று முதல்வரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் கையொப்பமிட்ட கடிதம் இருக்கும். தேர்வுப் பட்டியலில் உள்ள பெயர்களும் விமானத்தில் ஏறும் பெயர்களும் ஒன்றாவதற்கு அந்தக் கடிதம் போதும்.